சளிக்குப் பிறகு காதுவலி, இப்போது சீழ்: 20 மாதக் குழந்தைக்கு என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குழந்தைக்கு 20 மாதம், எடை சுமார் 10 கிலோ. ஐந்து மாதத்துக்குள் இது மூன்றாவது முறை. சளி பிடித்து நாலாம் நாள் இரவெல்லாம் அழுகை, காய்ச்சல். விடியற்காலையில் தலையணையில் மஞ்சளாகச் சீழ். அதன்பிறகு பிள்ளை அசந்து தூங்கிவிட்டான். முதல் முறை ஒரு மருத்துவர் உடனே ஆன்டிபயாடிக் எழுதினார், இரண்டாம் முறை இன்னொருவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். யார் சொன்னது சரி, காதில் குழாய் (நடுக்காதில் நீர் சேராமலிருக்கச் செவிப்பறையில் பொருத்தும் சிறு குழாய்) வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவனுக்குக் காது கேட்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் உண்மையில் உங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். செவிப்பறையைக் கருவி வைத்துப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம் இது. ஆகவே இதை மருத்துவரிடம் போவதற்கு முன் படிக்க வேண்டியதாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போகாமல் இருப்பதற்காக அல்ல.

முதலில் அந்தச் சீழ். சளியின்போது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதில் சேர்ந்த சீழ் அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். அழுத்தம் இறங்கியதும் வலியும் இறங்கும். பிள்ளை தூங்கியதற்குக் காரணம் அதுதான், நோய் தீர்ந்துவிட்டது என்பதல்ல. பார்க்கப் பயமாக இருந்தாலும், இப்படிப்பட்ட ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானே மூடிக்கொள்கின்றன. வெளிக்காதுத் துவாரத்தில் வரும் தொற்றிலும் நீர் வடியும். ஆனால் அதில் காது மடலை இழுத்தாலோ துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினாலோ குழந்தை துள்ளும். பெரும்பாலும் நீச்சலுக்குப் பிறகோ காதைக் குடைந்த பிறகோ வரும். நீங்கள் சொல்லும் வரிசை, அதாவது சளி, காய்ச்சல், இரவு வலி, சீழ், வலி குறைதல் என்பது நடுக்காதுத் தொற்றின் வரிசை.

வடியும் காதை இப்படித் துடையுங்கள். நீரை உறிஞ்சும் சுத்தமான பருத்தித் துணித் துண்டையோ, நனைந்தால் பிய்ந்து போகாத கெட்டியான டிஷ்யூ தாளையோ முறுக்கி, முனை மெல்லியதாக ஒரு திரி செய்யுங்கள். குழந்தையை மடியில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, திரியின் முனையைத் துவாரத்தில் வையுங்கள். தள்ள வேண்டாம், வைத்தால் போதும். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் திரி வையுங்கள். திரி உலர்ந்து வெளியே வரும்வரை இதைச் செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று முறை. குச்சியில் பஞ்சு சுற்றிய பட்ஸ் வேண்டாம். அது சீழை உள்ளே தள்ளும், செவிப்பறையையும் குத்தும். வெளியே வருவது தடைபடக் கூடாது என்பதால் நாள் முழுக்கப் பஞ்சை அடைத்தும் வைக்கக் கூடாது. குளிக்கும்போது மட்டும் வாசலின் தடவிய பஞ்சுருண்டையைக் காது வாயில் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எண்ணெய், தாய்ப்பால், தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம். ஓட்டை இருக்கும்போது ஊற்றுவதெல்லாம் நேரே நடுக்காதுக்குப் போகும்.

சொட்டு மருந்திலும் இதே எச்சரிக்கை உண்டு. வீட்டில் பழைய காதுச் சொட்டு மருந்துக் குப்பி இருந்தால் அதை எடுக்காதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது நியோமைசின், ஜென்டாமைசின் வகைச் சொட்டுகள் உட்காதைப் பாதிக்கக்கூடும். வலியை மரக்க வைக்கும் சொட்டுகளும் கூடாது. இந்த நிலையில் தேவைப்பட்டால் பயன்படுத்துவது ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைச் சொட்டுகள். மருத்துவர் அப்படி எழுதினால், குப்பியைக் கைக்குள் ஓரிரு நிமிடம் பொத்தி வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும். முதலில் திரியால் உலர்த்துங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காது மடலைக் கீழும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். பெரிய பிள்ளைக்கு மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். சொட்டு விட்டபின் காதுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறு மேட்டை நாலைந்து முறை மெல்ல அழுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே படுக்க வையுங்கள்.

இப்போது அந்த இரண்டு மருத்துவர்கள். இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம் என்பது மழுப்பல் பதில் அல்ல. நடுக்காதுத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதா, பொறுப்பதா என்பதை வயது, எத்தனை காதில் தொற்று, எவ்வளவு கடுமை ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2013 வழிகாட்டுதல்படி, 6 மாதம் முதல் 23 மாதம்வரை உள்ள குழந்தைக்கு இரண்டு காதிலும் தொற்று இருந்தால் மருந்து. ஒரு காதில் மட்டும், லேசாக இருந்தால் 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, வலி 48 மணி நேரத்தைத் தாண்டினாலோ, காதிலிருந்து சீழ் வந்தாலோ பொறுக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் பொதுவாக மருந்துதான். ஆகவே உங்கள் பிள்ளைக்கு முதல் முறை மருந்தும் இரண்டாம் முறை பொறுமையும் சரியாக இருந்திருக்க முழு வாய்ப்பு உண்டு. இந்த முறை சீழ் வந்திருப்பதால் ஆன்டிபயாடிக் பக்கம்தான் தராசு சாய்கிறது.

பொறுத்துப் பார்க்கச் சொல்வது ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நடுக்காதுத் தொற்று வந்த குழந்தைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சுமார் 60 சதவீதத்தினருக்கு முதல் 24 மணி நேரத்திலேயே வலி போய்விடுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி இல்லாமல் இருக்க, சுமார் 20 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே நேரம், கொடுக்கப்பட்ட 14 குழந்தைகளில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு என்று ஏதாவது கூடுதலாக வருகிறது. ஆனால் இது எல்லாக் குழந்தைகளையும் கலந்து போட்ட கணக்கு. சீழ் வடியும் குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்த ஆய்வில், மருந்தில்லாமல் 60 சதவீதத்தினருக்கும் மருந்தோடு 24 சதவீதத்தினருக்கும் சில நாள் கழித்தும் வலியோ காய்ச்சலோ நீடித்தது. அதாவது மூன்று பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன். இதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னது உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவதில்லை.

ஆன்டிபயாடிக் உண்டோ இல்லையோ, வலிக்கு முதல் மணி நேரத்திலேயே மருந்து கொடுங்கள். ஆன்டிபயாடிக் முதல் நாள் வலியைக் குறைப்பதில்லை. அன்றைய இரவைக் கடத்துவது வலி மருந்துதான். பாராசிட்டமால் ஒரு டோஸுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 10 கிலோவுக்கு 150 மி.கி. இங்கேதான் தவறு நடக்கும்: குப்பிக்குக் குப்பி செறிவு வேறு. 5 மில்லியில் 125 மி.கி. இருக்கும் சிரப்பில் இந்த அளவு 6 மி.லி.; 5 மில்லியில் 250 மி.கி. இருப்பதில் 3 மி.லி.; 1 மில்லியில் 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. "போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே" என்று குப்பியைப் படிக்காமல் கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும். நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நாலு முறைக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி., ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு மூன்று முறை வரை. 5 மில்லியில் 100 மி.கி. உள்ள சிரப் என்றால் உங்கள் பிள்ளைக்கு 5 மி.லி. ஆறு மாதத்துக்குக் கீழும், வாந்தி பேதியால் நீர் வற்றியிருக்கும்போதும் அதைத் தவிர்க்க வேண்டும். பல சளி சிரப்புகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது, லேபிளைப் பாருங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது ரே சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நிலையைக் கொண்டுவரலாம். சமையல் கரண்டியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாக விடுங்கள்.

ஆன்டிபயாடிக் என்றால் முதல் தேர்வு அமாக்சிசிலின். மேலே சொன்ன வழிகாட்டுதலின் அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. 10 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 400 முதல் 450 மி.கி. இரண்டு வயதுக்குள் 10 நாள். இதைவிடக் குறைந்த அளவையும் 5 முதல் 7 நாளையும் ஏற்கும் நாடுகளும் உண்டு. எந்தக் கிருமி எந்த இடத்தில் எவ்வளவு எதிர்ப்புத் திறன் பெற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், 10 நாள் கொடுத்தவர்களில் 16 சதவீதமும் 5 நாளோடு நிறுத்தியவர்களில் 34 சதவீதமும் குணமாகவில்லை. உங்கள் பிள்ளையின் வயதுக்கு நான் 10 நாள் பக்கம்தான் நிற்பேன். கடந்த 30 நாளுக்குள் அமாக்சிசிலின் சாப்பிட்டிருந்தாலோ, கூடவே கண் சிவந்து பீளை தள்ளினாலோ அமாக்சிசிலினோடு, கிருமியின் எதிர்ப்பை முறிக்கும் கிளாவுலனேட் சேர்ந்த மருந்தைத் தருவார்கள். இதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தூளாக வரும் மருந்துக் குப்பி கவனிக்க வேண்டிய இடம். குப்பியைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குறியில் பாதிவரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியபின் குறிவரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள்களில் தண்ணீரும் கடைசி நாள்களில் கெட்டி மருந்துமாகப் போகும். ஒரு வேளைக்கு 5 மி.லி. என்றால் 10 நாளுக்கு 100 மி.லி. வேண்டும், 30 மி.லி. குப்பி மூன்றே நாளில் தீரும். மருந்து பாதியில் நிற்பதற்குப் பல வீடுகளில் காரணம் அலட்சியம் அல்ல, குப்பி தீர்ந்ததுதான். கலக்கிய மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பதும் லேபிளில் இருக்கும். பத்து நாள் தாங்காது என்றால் இரண்டாவது குப்பியைப் பிறகு கலக்குங்கள். மூக்கடைப்பு மருந்து, அலர்ஜி மருந்து இரண்டும் காதுத் தொற்றைக் குணமாக்குவதில்லை என்பது தெளிவாக நிறுவப்பட்ட விஷயம். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டால் பிள்ளை மூச்சுவிடவும் பால் குடிக்கவும் வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் வலியும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். இவை தெரிந்தால் மட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்காதீர்கள்: காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் சிவந்து வீங்குதல், அந்தப் பக்கக் காது மடல் முன்னால் தள்ளி நிற்பது, அழும்போது முகம் ஒரு பக்கம் கோணுதல், கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, நடக்கும் பிள்ளை திடீரெனத் தள்ளாடுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே அப்படித்தான்.

மூன்று முறை வந்தது என்கிறீர்களே, மூன்றும் உண்மையான நடுக்காதுத் தொற்றுதானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அழும் பிள்ளையின் செவிப்பறை சிவந்துதான் இருக்கும், காய்ச்சலிலும் சிவக்கும். சிவப்பு மட்டும் போதாது, செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைத்திருக்க வேண்டும். காதை இழுப்பதும் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. தூக்கம் வந்தாலும் பல் முளைத்தாலும் பிள்ளைகள் இழுப்பார்கள். இந்த முறை சீழ் வந்திருப்பதால் சந்தேகம் குறைவு. முந்தைய இரண்டின் சீட்டுகளில் "புடைப்பு" என்று எழுதியிருக்கிறதா, எந்தக் காது என்று பாருங்கள். காதில் குழாய் வைக்கும் முடிவு அதைப் பொறுத்து மாறும்.

சளிக்குப் பிறகு இவர்களுக்கு ஏன் இப்படி அடிக்கடி வருகிறது என்றால், மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் இந்த வயதில் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கை வாட்டத்திலும் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அதன் நீளம் பெரியவர்களுடையதில் பாதிதான். சளியில் அது வீங்கி அடைபட்டால் நடுக்காதில் காற்று குறைந்து நீர் ஊறும், மூக்கில் இருக்கும் நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் அந்த நீரில் பெருகும். 6 முதல் 24 மாதம்தான் உச்ச காலம். குழாய் வளர்ந்து சாய்வு கூடக்கூடத் தானே குறையும்.

காது கேட்பது பற்றிய பயத்துக்கு வருகிறேன். எல்லோரும் பயப்படுவது வலித்த அந்த இரவைப் பற்றி. எனக்குக் கவலை தருவது அதற்குப் பின் வரும் வலியில்லாத வாரங்கள். தொற்று தீர்ந்தபிறகும் நடுக்காதில் நீர் தங்குகிறது: இரண்டு வாரம் கழித்து 60 முதல் 70 சதவீதக் குழந்தைகளுக்கு, ஒரு மாதம் கழித்து சுமார் 40, மூன்று மாதம் கழித்து 10 முதல் 25 சதவீதத்தினருக்கு. இந்த நீர் இருக்கும்வரை கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபல் அளவுக்கு மங்குகிறது, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு கேட்பது போல. நரம்பு பழுதாவதில்லை, நீர் வற்றினால் கேட்பது திரும்பிவிடும். இதற்கு ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, அலர்ஜி மருந்து எதுவும் தேவையில்லை. மூன்று மாதம் பார்ப்பதுதான் சிகிச்சை. அதுவரை ஒரு மீட்டர் தூரத்துக்குள், முகத்தைப் பார்த்து, கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா, இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வருகிறதா என்று கவனியுங்கள். பேச்சு பிந்தினால் மூன்று மாதம் காத்திருக்காமல் கேட்புத் திறன் பரிசோதனை செய்யுங்கள். அண்ணப் பிளவு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் இப்படித்தான்.

சீழ் வடிவது இரண்டு வாரத்தைத் தாண்டினால் கதை வேறு. அது நாள்பட்ட சீழ்க்காதாக மாறுகிறது. வலி இருக்காது, அதனாலேயே வீட்டில் பழகிப்போய்விடும். கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைக்கக்கூடியது இதுதான். வடிவதில் நாற்றமும் இருந்தால், எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற தோல்கட்டி வளர்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.

குழாய் வைப்பது பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நாலு முறை வந்து அதில் ஒன்று கடைசி ஆறு மாதத்துக்குள் இருந்தால் அடிக்கடி வரும் தொற்று என்று கணக்கு. மூன்றும் உறுதியானால் நீங்கள் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள். ஆனால் தொட்டவுடன் குழாய் என்பதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட இத்தகைய குழந்தைகளில் குழாய் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் இரண்டாண்டு பின்தொடர்ந்த, 2021-இல் வெளியான ஆய்வில் தொற்று வரும் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தொற்று இல்லாத நாளில் பரிசோதிக்கும்போது நடுக்காதில் நீர் இல்லை என்றால் குழாய் வேண்டாம் என்பதே இன்றைய பொதுவான நிலைப்பாடு. இரண்டு காதிலும் நீர் மூன்று மாதத்துக்கு மேல் தங்கி, கேட்பதும் குறைந்திருந்தால் குழாய் நிச்சயமாக உதவும், அன்றே கேட்கத் தொடங்குவார்கள். சிறிய அறுவை, மயக்க மருந்து தேவை. பெரும்பாலான குழாய்கள் 6 முதல் 18 மாதத்தில் தானே விழும். சுமார் 2 சதவீதத்தினருக்கு ஓட்டை மூடாமல் நிற்கும். இந்த வயதில் முதல் கட்டமாக அடினாய்டை (மூக்கின் பின்பக்கம் இருக்கும் சதையை) எடுப்பதற்கு, மூக்கடைப்பு, குறட்டை போன்ற தனிக் காரணம் வேண்டும்.

தடுக்க உதவக்கூடியவை: வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பது, படுத்தபடி பாட்டில் பால் கொடுக்காமல் தலையை உயர்த்திக் கொடுப்பது, நியூமோகாக்கஸ் தடுப்பூசியை முழுமையாகப் போடுவது, ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி. ரப்பர் சூப்பானை ஆறு மாதத்துக்குப் பின் குறைப்பதும் ஓரளவு உதவும். குழந்தைகள் காப்பகத்தில் இருந்தால் சளி அதிகம் வரும், கூடவே காதும். வேலைக்குப் போகும் பெற்றோரிடம் அதை நிறுத்தச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது, பிள்ளைகள் குறைவாக உள்ள இடமாகப் பார்த்தால் போதும். தொற்று வராமலிருக்கத் தினமும் கொஞ்சம் ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழைய முறையை இப்போது பரிந்துரைப்பதில்லை.

உங்கள் அடுத்த மூன்று மாதத்துக்கான நாள்கள் இவை: இன்றோ நாளையோ காதைக் காட்டுங்கள், மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதா பாருங்கள், இரண்டாம் வாரம் வடிவது நின்றதா பாருங்கள், ஆறாம் வாரம் ஓட்டை மூடியதா என்று மருத்துவர் பார்க்கட்டும், மூன்றாம் மாதம் சளி இல்லாத ஒரு நாளில் டிம்பனோமெட்ரியும் (நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று செவிப்பறையின் அசைவை வைத்து அளக்கும் பரிசோதனை) கேட்புத் திறன் பரிசோதனையும். ஒவ்வொரு முறையும் தேதி, எந்தக் காது, காய்ச்சல் அளவு, செவிப்பறை புடைத்திருந்ததா, எந்த மருந்து எத்தனை நாள் என்று ஒரே தாளில் எழுதி வையுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் பற்றி முடிவெடுக்க முதலில் கேட்பது அதைத்தான்.